மல்லாவிக் காணியில் வளைந்து போன குழாய்: ரேடாரோடு இரண்டு நாள்

கடந்த ஆவணிக் கடைசி வாரத்தில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து மல்லாவிக்கும் இரண்டு நாள் அலைந்துவிட்டு வந்தேன். கோயில் குளம் பார்க்கிற பயணம் இல்லை. நான் வாங்கிய காணியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற பயணம். வன்னியில் காணி வாங்கி வீடோ கடையோ கட்டப் போகிறவர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பவர்கள், ஒருமுறை வாசித்துவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.

நான் நெல் வாங்கி விற்கிறவன். மீள்குடியேற்ற காலத்தில் செட்டிகுளம் பக்கம் சைக்கிளில் ஆணியும் கயிறும் கொண்டு திரிந்து விற்றுத்தான் தொடங்கினேன். இப்போது இரண்டு லொறி ஓடுகிறது. ஒவ்வொரு காலபோகத்துக்கும், அதாவது மாசி அறுவடைக்கும், மல்லாவியில் ஒரு வளவை வாடகைக்கு எடுத்து, நெல்மூட்டையைத் தறப்பாளால் மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாசியில் காலம் தப்பிப் பெய்த மழையில் அடி மூட்டைகள் முளைத்துவிட்டன. அன்றைக்கே முடிவெடுத்தேன்: அடுத்த அறுவடைக்கு முன் சொந்தக் களஞ்சியம். தெருவோரமாக அரை ஏக்கர் வாங்கினேன். பதினாறு தூண், வரிசைக்கு நான்கு. பிரதேச சபையில் வரைபடம் பாஸ் ஆனது.

அத்திவாரம் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் எனக்குக் கிடைத்தது மூன்றே நாளுக்கு. அதன்பிறகு அது ஒரு குளக்கட்டு வேலைக்குப் போய்விடும், மழை தொடங்கும் மட்டும் திரும்பாது. இந்த மூன்று நாளைத் தவறவிட்டால் அத்திவாரம் மாரிக்குப் பிறகுதான். அதாவது இந்த அறுவடையும் தறப்பாளுக்குக் கீழேதான்.

பிறகு ஏன் ரேடார் என்று ஒரு செலவு? காரணம் வெட்கக்கேடானது. முந்தைய வருடம் வவுனியாவில் ஒரு கடை கட்டும்போது, யாரையும் கேட்காமல் வெட்டி, ஒரு ஒழுங்கையின் தண்ணீர்க் குழாயை உடைத்தேன். இரண்டு நாள் தண்ணீர் பவுசர் லொறி பிடித்து வாசல் வாசலாக நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். திட்டாதவர்கள் குழந்தைகள் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்கு வவுனியாவிலிருந்து எனது பழைய டபுள் கப் பிக்-அப்பில் புறப்பட்டேன். கிளிநொச்சி ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீற்றர். ஏ-ஒன்பது வீதி நன்றாக இருக்கிறது. ஆனால் வேகக் கட்டுப்பாட்டைக் கவனியுங்கள், கனகராயன்குளம் தாண்டி இரண்டு இடத்தில் பொலிஸ் நின்றது. ஆறு நாற்பத்தைந்துக்குக் கிளிநொச்சி. ரேடார்க்காரர் குகன் ஒரு வீதி வேலையை முடித்துவிட்டு அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், பேச்சு அளந்து வரும். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றையாயிரம் ரூபா. சாப்பாடும் ஏற்றியிறக்கலும் என் பொறுப்பு. பேரம் பேசிப் பார்த்தேன். "நான் விலையைக் குறைச்சால் கோட்டையும் குறைச்சுத்தான் நடப்பன் அண்ணை," என்றார். அதே விலைக்குச் சம்மதித்தேன்.

இயந்திரம் என்று பெரிதாக நினைத்துப் போனேன். மூன்று சில்லு வைத்த தள்ளுவண்டி. அடியில் ஒரு பெட்டி, மேலே ஒரு திரை. அவ்வளவுதான். பெட்டி நிலத்துக்குள் அலையை அனுப்பும். மண்ணுக்குள் வேறு ஏதாவது இருந்தால் அலை பட்டுத் திரும்பும். திரையில் கோடு விழும். பின்னால் ஏற்றி மெத்தை கொடுத்துக் கட்டினோம்.

ஏழு இருபதுக்குப் புறப்பட்டோம். எனக்கு மல்லாவியில் எட்டரைக்கு நிற்கவேண்டும். முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வந்ததும் குகன், "நிப்பாட்டுங்கோ," என்றார்.

"திரும்பி வரேக்க கும்பிடுவம்," என்றேன்.

"திரும்பி வரேக்க பிள்ளையாருக்கு என்ன சொல்லப்போறியள்? வேலை முடிஞ்சுது, இனி நீ தேவையில்லை எண்டோ?"

நிறுத்தினேன். இந்த வழியால் போகிற ஒரு வாகனமும் நிற்காமல் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். கற்பூரம், தேங்காய், இருநூறு ரூபாவுக்குக் கச்சான் கடலை. இருபது நிமிடம் போனது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கச்சான் தின்றேன். கோதை எங்கே போட்டேன் என்றுகூட நினைவில்லை.

மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி இருபது கிலோமீற்றர் அளவில் மல்லாவி. காடும் வயலும் மாறி மாறி வரும். தெருவில் மயில் குறுக்கே வந்தால் ஹோர்ன் அடித்துப் பயனில்லை, அது போகிற நேரத்துக்குத்தான் போகும். எட்டு ஐம்பத்தைந்துக்குக் காணியில் இறங்கினோம். எனது மேசன் இராசன் மண் குத்துகிற அலவாங்கும் மண்வெட்டியுமாகக் காத்திருந்தார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. நடத்துகிறவர் மலர், நாற்பது வயதுக்காரி, காணி வாங்கிய நாளிலிருந்து முகம் தெரியும், பேசியது கிடையாது. பிளேன்டி ஐம்பது ரூபா, உளுந்து வடை எழுபது. குகன் வண்டியை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே மூன்று கிளாசையும் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன அண்ணை, வண்டிலை மட்டும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறியள். பிள்ளையை எங்க விட்டிட்டியள்?"

"பிள்ளை நிலத்துக்குக் கீழ இருக்குது தங்கச்சி. அதைத் தேடத்தான் வந்தனான்," என்றார் குகன்.

"கிடைச்சால் சொல்லுங்கோ, பேர் வைப்பம்."

என்னிடம் தண்ணீர் விநியோகக் குழாயின் வரைபடப் பிரதி இருந்தது. தெருவின் என் காணிப் பக்கக் கரையில், தார் விளிம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஒரு நேர்கோடு. என் காணிக்குள் ஒன்றும் இல்லை. குகன் முதலில் அந்தக் கோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளிப் பார்த்தார். திரையில் மேலே குவிந்து இரண்டு பக்கமும் சரிகிற வளைவு விழுந்தது, நன்றாக முறுக்கிவிட்ட மீசை மாதிரி. "மீசை வந்தால் கீழ குழாய் மாதிரி நீளமான சாமான் குறுக்க போகுது எண்டு அர்த்தம்," என்றார். என் காணி தொடங்கும் மூலையில் தெருவோரம் நிற்கிற வேப்பமரம் வரைக்கும் மீசை வந்தது. வேப்பமரம் தாண்டியதும் இல்லை. நாலு தரம் தள்ளினார். வெறும் மண்.

"மெஷின் பிழையோ?" என்றேன்.

"மெஷின் சரி. உங்கட கடதாசி பிழை."

பிறகு கட்டடம் வரும் இடம் முழுவதையும், அரை மீற்றருக்கு ஒரு கோடாக, இரண்டு திசையிலும் நடக்கத் தொடங்கினார். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. வெயில் ஏறியது. இந்த வேலையில் பக்கத்தில் நிற்பவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். தள்ளிப் போங்கோ என்றார். தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தேன். பெக்கோக்காரன் இரண்டு தரம் போன் எடுத்து, "நாளைக்குக் காலமை வரட்டோ?" என்று கேட்டான். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

பதினொன்றரைக்கு முதல் செய்தி: பின் மூலையில் ஒரு பெரிய குழப்பமான திட்டு. இராசனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "பங்கர், முதலாளி. சண்டைக்காலத்தில வெட்டி மூடின பங்கர். தோண்டித் திரும்ப இறுக்காமல் அதுக்கு மேல தூண் வைச்சால் தூண் கீழ இறங்கிடும்." இங்கே பங்கர் இல்லாத வளவு எங்கே இருக்கிறது? அது எனக்குக் கவலை தரவில்லை.

இரண்டாவது செய்திதான் கவலை. முன்பக்கத்தில், தெருவிலிருந்து ஏழெட்டு மீற்றர் உள்ளே, மீசைகள் வரிசையாக வந்தன. குகன் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புத் தூள் ஒரு பிடி போட்டுக்கொண்டே போனார். முடிவில் எழும்பிப் பார்த்தால், வேப்பமரப் பக்கமிருந்து வேலியூடாக உள்ளே வந்து, முன்வரிசையை வளைந்து கடந்து, மற்ற மூலையில் தெருவுக்குக் கீழால் போகிற மதகுப் பக்கம் வெளியேறுகிற ஒரு வெள்ளைக் கோடு. நான்கு தூணில் மூன்று அதன் மேல்.

"பைப்போ?" என்றேன்.

"ரேடார் பைப் எண்டு சொல்லாது அண்ணை. சுத்தியுள்ள மண் மாதிரியில்லாத ஒண்டு முக்கால் மீற்றர் ஆழத்தில போகுது எண்டு மட்டும்தான் சொல்லும். மிச்சத்தை வெட்டித்தான் பாக்கவேணும்."

கட்டடத்தைப் பின்னுக்குத் தள்ளலாமே என்று கேட்பீர்கள். பின்னால் வாய்க்கால். அதற்கு விடவேண்டிய ஒதுக்கை விட்டபின் ஓர் அடியும் மிச்சமில்லை.

அந்த நேரம் வெற்றுக் கிளாஸ் எடுக்க மலர் வந்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். "ஓ, இதையோ இவ்வளவு நேரம் தேடினனீங்கள்? இது தண்ணி பைப்தானே."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"வேப்பமரத்தில இருந்து மதகு மட்டும் ரோட்டுக்கரை முழுக்க பைப் போட்ட நேரம் சிவப்புக் குச்சி நிண்டது. மிதிவெடி எடுத்து முடியேல்லை. பைப் போட வந்த ஆக்கள் என்ன செய்யிறது? இந்தக் காணி முதலே வெடி எடுத்துத் துப்பரவாக்கிக் குடுத்த காணி, வீட்டுக்காரர் வெளிநாட்டில, கேக்க ஆள் இல்லை. உள்ளுக்கால வளைச்சுக் கொண்டு போட்டினம். பிறகு நாங்கள் ரோட்டுக்கரையையும் துப்பரவாக்கிக் குச்சியைப் பிடுங்கிட்டம். பைப் பிடுங்குப்படேல்லை."

"நாங்கள் எண்டால்?" என்றேன்.

"நான் ஆறு வருசம் மிதிவெடி எடுத்தனான். இந்தத் துண்டில முழங்காலில நிண்ட ஆள் நான்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. "காணி வாங்கி ஐஞ்சு மாசம், தங்கச்சி. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. வாறியள், வேலிக்கரையில நிண்டு போனில சத்தம் போடுறியள், போறியள். வேலிக் கதியால் மாதிரி நானும் அந்தப் பக்கம் நிண்டுகொண்டுதான் இருந்தனான்."

குகன் திரையைத் துடைக்கிற சாட்டில் தலையைக் குனிந்து சிரித்தார்.

மலர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரிசைத் தூணை விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. பழைய குழாய், கைவிட்ட குழாய் என்று இருக்கலாம் அல்லவா? வெட்டிப் பார்க்கச் சொன்னேன். இராசன் கோட்டுக்கு நேர்மேலே அலவாங்கை ஓங்கினார். மலர் பாய்ந்து வந்து அலவாங்கின் நடுவைப் பிடித்துவிட்டார்.

"மேசன், மேலால குத்தாதேங்கோ! பக்கத்தால வாங்கோ. முழம் தள்ளிக் குழி வெட்டி, ஆழத்துக்குப் போய், அங்கயிருந்து சுரண்டிக்கொண்டு வாங்கோ."

"இது என்ன, வெடிக்கப்போகுதோ?" என்றார் இராசன்.

"வெடிக்காது. உங்கட அலவாங்கு துளைச்சால் தண்ணி உங்கட மூஞ்சையில அடிக்கும். அதுக்குப் பிறகு முதலாளி வெடிப்பார்."

கடைசியில் மலரே முழங்காலில் இறங்கிவிட்டார். கடையைப் பூட்டாமல், எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். இராசன் முழம் தள்ளிக் குழி வெட்ட, மலர் சின்னத் தாச்சிக் கரண்டியால் பக்கச் சுவரைச் சுரண்டிச் சுரண்டி வந்தார். இரண்டரை மணிக்குக் குழாயின் நீல நிறம் தெரிந்தது. எழுபத்தெட்டுச் சென்ரிமீற்றர். குகனின் கணக்குக்கு மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம்.

இராசன் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். "ஒரு அசைவுமில்லை. செத்த பைப், முதலாளி."

உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். மலர் கையைத் துடைத்துக்கொண்டு, "நாலரைக்குத்தான் தண்ணி திறப்பினம். பொறுங்கோ," என்றார்.

இரண்டு மணித்தியாலம். என் வியாபாரத்தில் இவ்வளவு நீளமான இரண்டு மணித்தியாலம் வந்ததில்லை. குழியைச் சுற்றி நடந்தேன். காலால் மண் சரிகிறது என்று குகன் ஏசினார். இராசன் என்னை வேலிப்பக்கம் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "முதலாளி, தண்ணி வந்தாலும் என்ன? காணி உங்கட. வரைபடத்தில பைப் ரோட்டில. நாங்கள் பாக்காத மாதிரி நாளைக்கு வெட்டுவம். உடைஞ்சால் பிழை அவையிட. அவையே வந்து ரோட்டுக்கு மாத்திப் போடட்டும்."

அவர் சொன்னதில் சட்டப்படி பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை இராசனுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. நான் மலரிடம் போய், இந்தக் குழாய் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டேன். "பள்ளிக்கூடத் தாங்கிக்கும், அங்கால நாப்பது வீட்டுக்கும். கிணறெல்லாம் உவர், அண்ணை. போன வருசம் மதகடியில வெடிச்சு, ஒட்ட ஐஞ்சு நாள் எடுத்தது."

நாற்பது வீடு. அதில் பாதிப் பேரின் நெல்லை நான்தான் வாங்குகிறேன்.

நாலு முப்பத்தைந்துக்கு நானே குழிக்குள் இறங்கி உள்ளங்கையைக் குழாயில் வைத்தேன். ஒன்றுமில்லை. நாலு நாற்பதுக்கும் ஒன்றுமில்லை. இராசன் மேலே நின்று பல்லைக் காட்டினார். அடுத்த நிமிடம், பூனை மடியில் படுத்து உறுமுவதுபோல் ஒரு நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது. பிறகு குழாய் குளிர்ந்துகொண்டே வந்தது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் முடிவு சொல்லவேண்டும்.

அன்றிரவு குகனை மல்லாவியில் ஒரு அறையில் (இரண்டு கட்டில், மின்விசிறி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபா) விட்டு, நானும் அங்கேயே படுத்தேன். காலை எட்டரைக்குத் தண்ணீர் அலுவலகம் திறந்ததும் இரண்டு பேருமாகப் போனோம். அதிகாரி மரியாதையானவர். குகன் கொண்டுவந்த ரேடார்ப் படத்தைப் பார்த்தார், தன் வரைபடத்தைப் பார்த்தார், திரும்பவும் குகனின் படத்தைப் பார்த்தார். குழாயை மாற்றலாம், விண்ணப்பம், மதிப்பீடு, கேள்விப்பத்திரம் என்கிற டெண்டர் எல்லாம் முடிய அடுத்த வருடம் ஆகும் என்றார். "அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் ஒன்றரை மீற்றருக்குள்ள மெஷின் போடாதேங்கோ." பிறகு சிவப்புப் பேனையால் தன் வரைபடத்தில் அந்த வளைவைக் கீறி, காணிக்குள் குழாய் போனதைச் சொன்னவர் யார் என்று கேட்டார். மலரின் பெயரைச் சொன்னேன். முழுப்பெயர் தெரியவில்லை. போன் எடுத்துக் கேட்க, இலக்கமும் என்னிடம் இல்லை. ஐந்து மாதமாக எதிர்க்கடை.

பத்து மணிக்குக் காணிக்கு வந்தபோது பெக்கோ வந்து நின்றது. சாரதி இருக்கையில் இருந்தபடியே, "எதில தொடங்க அண்ணை?" என்று கேட்டான். இராசன் என் வாயைப் பார்த்தார். முன்வரிசையை விடச் சொன்னேன். பதினாறு தூண் பன்னிரண்டானது. நான்கு வரிசைக்கு இடையில் இருந்த மூன்று வெளியில் ஒன்று போனதால், தரைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போனது. மிச்சம் பாஸ் பண்ணிய வரைபடத்துக்குள்ளேயே இருப்பதால் சபைக்கு ஒரு திருத்தக் கடிதம் போதும். பத்தே காலுக்குப் பின் மூலையில், மூடிய பங்கரைத் தோண்டுவதில் தொடங்கினோம்.

இனி உங்களுக்குச் சில விஷயம். ரேடாரை மழைக்கு முன் பிடியுங்கள்; நனைந்த களிமண்ணில் அலை ஆழம் போகாது, காசு தண்டம். ரேடார் வரும் முன்பே காணியின் பற்றையை வெட்டிச் சமப்படுத்தி வையுங்கள், வண்டில் நிலத்தோடு ஒட்டி ஓடவேண்டும். எனக்கு அதில் ஒரு மணித்தியாலம் வீணானது. கட்டட இடத்தை மட்டும் பார்க்காமல் வேலிக்கு இரண்டு மீற்றர் வெளியாலும் நடக்கச் சொல்லுங்கள், கோடு எங்கேயிருந்து வருகிறது என்று அப்போதுதான் பிடிபடும். திரையில் கண்டதை நம்பி மெஷின் இறக்காதீர்கள். ஒரு சோதனைக் குழியாவது கையால் வெட்டுங்கள், அதுவும் பக்கத்தால். தண்ணீர் நேரம் பார்த்து விடுகிற ஊர் என்றால், விடுகிற நேரத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இவ்வளவுக்கும் முன்னால், காணிக்கு எதிர்க் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து, உட்கார்ந்து கதையுங்கள். எனக்கு ரேடார் ஒரு நாள், பெக்கோ மூன்று நாள், டீசல், அறை எல்லாமாக மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. அந்த ஐம்பது ரூபாத் தேத்தண்ணி ரேடாரை மிச்சம் பிடித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். குகன் அளக்காமல் மலர் சொன்னதை நான் நம்பியிருக்க மாட்டேன். என் குணம் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு தூணும் எழும்பிவிட்டன, கூரைக்கு இரும்பு ஏறுகிறது. மாசியில் நெல் வரும். மூன்றில் ஒரு பங்கு லொறிகளை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பவேண்டி வரும். அன்றைக்கு அந்த முன்பக்க வெறும் நிலத்தில் நின்று யாரையாவது திட்டாமல் என்னால் இருக்க முடியாது. யாரைத் திட்டுவது என்று இப்போதே யோசித்துப் பார்த்தேன். குழாய் போட வந்தவர்களைத் திட்டலாம் என்றால், அவர்களுக்கு முன்னால் மிதிவெடிச் சிவப்புக் குச்சி நின்றிருக்கிறது. அந்த இடத்தில் மண்வெட்டியோடு நான் நின்றிருந்தால் இன்னும் அகலமாக வளைத்திருப்பேன்.